எம்.எஸ்சி. இயற்பியலில் என்னதான் படிக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நடக்கும் இரண்டு வருட எம்.எஸ்சி. இயற்பியல் படிப்பைப் பற்றி பி.எஸ்சி. கடைசி வருட மாணவர்களும் அவர்கள் வீட்டாரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. பாடத்திட்டம் கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே வகுத்துக்கொள்ளும். ஆனால் எலும்புக்கூடு எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

யார் சேரலாம்? எத்தனை செமஸ்டர்?

பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்கள் சேரலாம். சில கல்லூரிகள் அப்ளைடு பிசிக்ஸ், எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களையும் எடுத்துக்கொள்ளும். இரண்டு வருடம், நான்கு செமஸ்டர். ஒவ்வொரு தாளுக்கும் இன்டர்னல் தனி, செமஸ்டர் தேர்வு தனி. நான்காண்டு இளநிலை முடித்தவர்களுக்கு ஒரே வருடத்தில் முதுநிலை என்ற ஏற்பாட்டை யு.ஜி.சி. 2024இல் வகுத்திருக்கிறது. மூன்று வருட பி.எஸ்சி. முடித்து வருகிறவர்களுக்கு அது பொருந்தாது.

பி.எஸ்சி.யில் படித்ததையே மறுபடி படிக்கிற மாதிரி இருக்கிறதே?

தலைப்புகளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். இயக்கவியல், மின்காந்தவியல், வெப்பவியல், அணு, அணுக்கரு என்று எல்லாம் பழைய ஆட்கள். மாறுவது அணுகுமுறை. பி.எஸ்சி.யில் ஒரு சூத்திரத்தை வருவித்து, எண்களைப் போட்டு விடை எடுத்தால் போதும். எம்.எஸ்சி.யில் அந்தச் சூத்திரம் எந்த அனுமானத்தில் நிற்கிறது, அனுமானத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

ஓர் உதாரணம். ஒரு பெண்டுலத்தின் முனையில் இன்னொரு பெண்டுலத்தைத் தொங்கவிடுங்கள். நியூட்டன் வழியில் போனால் ஒவ்வொரு கயிற்றின் இழுவிசையையும் எழுதி, கூறுகளாகப் பிரித்து, பிறகு அதே இழுவிசைகளை நீக்க வேண்டும். முதல் செமஸ்டரில் வரும் லெக்ராஞ்சியன் முறையில் இழுவிசை என்ற பேச்சே கிடையாது. இரண்டு கோணங்கள், இயக்க ஆற்றல், நிலை ஆற்றல், அவ்வளவுதான். அங்கிருந்து ஹாமில்டோனியன், பாய்சான் பிராக்கெட், ஹாமில்டன்–ஜேக்கபி சமன்பாடு என்று போகும். பாய்சான் பிராக்கெட்டை அப்போது பலர் மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். அடுத்த செமஸ்டரிலேயே குவாண்டம் தாளில் அதே உருவம் கம்யூட்டேட்டர் என்ற பெயரில் வந்து நிற்கும்போதுதான் அது எதற்குச் சொல்லித்தரப்பட்டது என்று தெரியும்.

கணக்கு எவ்வளவு வரும்? எனக்குக் கணக்கு சுமார்தான்.

நிறைய வரும். அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. மேத்தமடிக்கல் பிசிக்ஸ் என்று முதல் செமஸ்டரிலேயே ஒரு தனித் தாள் உண்டு. வெக்டர் வெளி, அணிகளின் ஐகன் மதிப்பு, கலப்பெண் சார்புகள், கோஷியின் ரெசிட்யூ தேற்றம், ஃபூரியர் மற்றும் லாப்லாஸ் உருமாற்றம், டென்சர், குழுக் கோட்பாடு எல்லாம் அதில் அடங்கும். கூடவே லெஜாந்தர், ஹெர்மைட், பெசல், லகேர் என்று ஒரு சிறப்புச் சார்புக் கூட்டம்.

இந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் பலர் மிரளுகிறார்கள். எது எங்கே உதவும் என்று முன்னாலேயே தெரிந்தால் பாதி பயம் போய்விடும். குவாண்டம் அலைவியை (ஆஸிலேட்டர்) தீர்க்கும்போது ஹெர்மைட் வரும். ஹைட்ரஜன் அணுவில் கோணப் பகுதிக்கு லெஜாந்தர், ஆரப் பகுதிக்கு லகேர். உருளை வடிவ அலைவழியில் (வேவ்கைடு) பெசல். வகுப்பில் இதைச் சொல்லிவிட்டுத் தொடங்கினால் நன்றாக இருக்கும். பெரும்பாலும் சொல்வதில்லை.

கணக்கு சுமாராக இருந்தால் சேரக் கூடாது என்பதில்லை. வகையீடு, தொகையீடு, அணிகள், எளிய வகைக்கெழுச் சமன்பாடுகள் ஆகியவற்றைப் பேனாவும் தாளும் வைத்துத் தடுமாறாமல் போட முடிந்தால் தாக்குப்பிடிக்கலாம். போட முடியாவிட்டால் சேருவதற்கு முந்தைய கோடை விடுமுறையை அதற்கு ஒதுக்குங்கள்.

குவாண்டம் அவ்வளவு கஷ்டமா?

சீனியர்கள் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. ஆனால் எம்.எஸ்சி.யின் மையம் அதுதான். பெரும்பாலான இடங்களில் இரண்டு தாள்கள். முதல் தாளில் ஷ்ரோடிங்கர் சமன்பாடு, டிராக்கின் பிரா–கெட் குறியீடு, அலைவி, ஹைட்ரஜன் அணு, கோண உந்தம். இரண்டாவதில் சிதறல், நேரத்தைப் பொறுத்து மாறும் பெர்டர்பேஷன் (சிறு இடையூறைப் படிப்படியாகச் சேர்த்துக் கணக்கிடும் முறை), பிறகு சார்பியல் குவாண்டம். 1928இல் டிராக் எழுதிய சமன்பாட்டிலிருந்து எலக்ட்ரானின் ஸ்பின், கையால் சேர்க்காமலேயே, தானாக வெளிவருவதைக் கரும்பலகையில் பார்ப்பது இந்தப் படிப்பின் நல்ல தருணங்களில் ஒன்று.

நடுவில் இருப்பவை தோராய முறைகள். இவற்றைத்தான் நான் எல்லோரையும் ஊன்றிப் படிக்கச் சொல்வேன். காரணம், துல்லியமாகத் தீர்க்கக்கூடிய கணக்குகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஹைட்ரஜனுக்கு அடுத்த ஹீலியத்துக்கே துல்லியமான தீர்வு எழுத முடியாது. இரண்டு எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதுதான் தொல்லை. அந்தத் தள்ளலையே கணக்கில் எடுக்காவிட்டால் அடிமட்ட ஆற்றல் −108.8 எலக்ட்ரான் வோல்ட் என்று வரும். சோதனை சொல்வது ஏறக்குறைய −79.0. தள்ளலை முதல்படி பெர்டர்பேஷனாகச் சேர்த்தால் −74.8. பிறகு வேரியேஷனல் முறை. ஓர் எலக்ட்ரான் மற்றொன்றிலிருந்து அணுக்கருவைக் கொஞ்சம் மறைக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அணுக்கருவின் மின்னூட்டத்தை 2 என்று நிலைநிறுத்தாமல் மாறவிட வேண்டும். ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும் இடத்தைத் தேடினால் மின்னூட்டம் 27/16 என்றும் ஆற்றல் −77.5 என்றும் கிடைக்கும். ஒரே ஓர் எண்ணை மாறவிட்டதற்கே உண்மைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டோம். பல வருடமாகத் தேர்வில் கேட்கப்படும் பத்து மதிப்பெண் கேள்வி இது. மனப்பாடம் செய்து எழுதுகிறவர்களுக்கு இந்த நான்கு எண்களும் கண்ணிலேயே படுவதில்லை என்பதுதான் வருத்தம்.

மற்ற முக்கியத் தாள்கள் என்னென்ன?

மின்காந்தவியலில் மேக்ஸ்வெல் சமன்பாடுகளிலிருந்து தொடங்கி எல்லைக் கணக்குகள், அலைவழிகள், முடுக்கமடையும் மின்துகள் வெளியிடும் கதிர்வீச்சு வரை போகும். திண்மநிலை இயற்பியலில் படிக அமைப்பு, தலைகீழ் அணிக்கோப்பு (ரெசிப்ரோக்கல் லாட்டிஸ்), எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு, ஃபோனான், ஆற்றல் பட்டை, காந்தவியல், மீகடத்தல். செம்பு கடத்துகிறது, சிலிக்கான் அரைகுறையாகக் கடத்துகிறது, கண்ணாடி கடத்துவதே இல்லை என்று பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். ஏன் என்பதற்கு உருப்படியான பதில் இங்கேதான் கிடைக்கும்.

அணுக்கரு இயற்பியலில் டியூட்ரான், திரவத்துளி மாதிரி, கூடு மாதிரி, பீட்டா சிதைவு, குவார்க்குகள். 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற மாய எண்கள் (இத்தனை புரோட்டானோ நியூட்ரானோ இருந்தால் அணுக்கரு கூடுதல் உறுதியாக இருக்கும்) எங்கிருந்து வருகின்றன என்று இங்கே படிப்பீர்கள். நிறமாலையியலில் சுழற்சி, அதிர்வு, ராமன், என்.எம்.ஆர்., இ.எஸ்.ஆர். ராமன் விளைவு நடத்தும் அன்றைக்கு வகுப்பில் கொஞ்சம் பெருமிதம் கூடிவிடும். சென்னை மாநிலக் கல்லூரியில் 1907இல் எம்.ஏ. முடித்தவர் சி.வி. ராமன் என்பதால் அது நியாயமும்தான்.

புள்ளியியல் இயக்கவியலைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். மாணவர்கள் குறைத்து மதிப்பிடும் தாள் இது. பார்டிஷன் ஃபங்ஷனை (எல்லா நிலைகளையும் வெப்பநிலைக்கேற்ற எடையோடு கூட்டிய தொகை) எழுதத் தெரிந்தால் மற்றதெல்லாம் அதை வகையிடுவதில் வந்துவிடும் என்பது உண்மை. ஆனால் அந்தத் தாளின் ருசி ஃபெர்மி வாயுவில் இருக்கிறது. எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இரண்டாக உட்கார முடியாததால் குளிர்ந்த நிலையிலும் ஓர் அழுத்தம் மிச்சமிருக்கும். ஓர் உலோகத்துக்கு இதைக் கணக்கிடும் அதே முறையால்தான் ஒரு வெள்ளைக் குறுமீன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்) தன் எடையால் நொறுங்காமல் நிற்பதையும் கணக்கிடுகிறோம். எலக்ட்ரான்களின் வேகம் ஒளிவேகத்தை நெருங்கும்போது சார்பியலைச் சேர்த்தால், ஓர் அளவுக்கு மேல் அந்த அழுத்தம் தாங்காது என்று வரும். அந்த அளவு, சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு நிறை. மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. ஆனர்ஸ் முடித்த வானியற்பியலாளர் சந்திரசேகர் 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட ஆரம்பித்த கணக்கு இது. இன்றைய முதுநிலை மாணவர் ஒரு மாலைப் பொழுதில் இதன் எளிய வடிவத்தைப் போட்டுவிடலாம்.

பிராக்டிகலில் என்ன செய்வோம்?

இரண்டு பிரிவு: பொது, எலக்ட்ரானிக்ஸ். பொதுப் பிரிவில் கார்னு முறை, ஹால் விளைவு, நான்கு முனை முறை, மைக்கேல்சன் குறுக்கீட்டுமானி, மீயொலி குறுக்கீட்டுமானி, ஜி.எம். கவுன்டர் (கதிரியக்கத் துகள்களை எண்ணும் கருவி), காந்த ஏற்புத்திறன் ஆகியவை வழக்கமானவை. கார்னு முறையில் கண்ணாடிச் சட்டத்தின் இரு முனைகளிலும் எடை தொங்கவிட்டு, அது வளையும்போது சோடியம் ஒளியில் தோன்றும் பட்டைகளை நகரும் நுண்ணோக்கியில் அளந்து, யங் குணகமும் பாய்சான் விகிதமும் காண வேண்டும். மேஜையில் யாராவது சாய்ந்தால் போதும், பட்டைகள் ஓடிவிடும். பொறுமைக்குப் பயிற்சி.

ஜி.எம். கவுன்டரை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு நிமிடத்தில் 100 துடிப்புகள் வந்தால் பிழை அதன் வர்க்கமூலம், அதாவது 10. சதவீதத்தில் 10. நேரத்தைக் கூட்டி 10,000 துடிப்புகள் எடுத்தால் பிழை 100, சதவீதத்தில் 1. எவ்வளவு நேரம் எண்ண வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கும் சோதனை இது. பெரும்பாலான ரெக்கார்டு நோட்டில் பிழைக் கணக்கே இருக்காது. விடை மட்டும் புத்தக மதிப்போடு அழகாகப் பொருந்தியிருக்கும். வைவாவுக்கு வரும் வெளித் தேர்வாளர் அதைப் பார்த்ததுமே "இந்த அளவீட்டில் பிழை எவ்வளவு?" என்றுதான் ஆரம்பிப்பார்.

எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் ஆப்-ஆம்ப் சுற்றுகள், 555 டைமர், கவுன்டர், ஷிஃப்ட் ரெஜிஸ்டர், 8085 நுண்செயலி நிரல்கள். ஆமாம், 1976இல் வந்த அதே 8085தான். அதை வைத்து இன்று யாரும் பொருள் செய்வதில்லை என்று மாணவர்கள் முணுமுணுப்பார்கள். ரெஜிஸ்டர், ஸ்டாக், நினைவக முகவரி எல்லாம் வெட்டவெளிச்சமாகத் தெரிவதால் கற்பதற்கு அது மோசமில்லை என்பது என் கட்சி. ஆனால் அதோடு நிறுத்திவிடும் கல்லூரிகளைப் பாராட்ட முடியாது.

கம்ப்யூட்டர் புரோகிராமிங் உண்டா?

எண்கணிய முறைகள் என்ற தாள் உண்டு. நியூட்டன்–ராப்சன், சிம்சன் விதி, ரங்கே–குட்டா எல்லாம் வரும். சி மொழியோ பைத்தானோ கூட வரும். தேர்வுக்குக் கால்குலேட்டரில் மூன்று சுற்றுப் போட்டால் போதும் என்பதால் பலர் நிரல் எழுதாமலேயே தேறிவிடுகிறார்கள். பைத்தானைச் சொந்த முயற்சியிலாவது கற்றுக்கொள்ளுங்கள். மேலே சொன்ன இரட்டைப் பெண்டுலத்தை ரங்கே–குட்டாவில் ஓட்டிப் பாருங்கள். தொடக்கக் கோணத்தைத் துளியூண்டு மாற்றினாலும் பாதை எங்கோ போய்விடும். கையால் அதைப் பார்க்க வழியே இல்லை.

எலக்டிவ் தாள்களில் எதை எடுக்கலாம்?

படிக வளர்ப்பு, மென்படலம், நானோ அறிவியல், வானியற்பியல், பிளாஸ்மா, மருத்துவ இயற்பியல், நேரிலா இயக்கவியல் என்று பட்டியல் நீளமாக அச்சாகியிருக்கும். நடைமுறையில் துறையில் யார் எதை நடத்த முடியுமோ அதுதான் கிடைக்கும். எனவே சேரும் முன் ஆசிரியர்களின் ஆய்வுத் துறைகளைப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் படிகம் பற்றிய ஆய்வுக்கு நீண்ட மரபு உண்டு. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஜி.என். ராமச்சந்திரன் எக்ஸ்-கதிர் படிகவியலிலிருந்து புரதங்களுக்குப் போனார். அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ப்புக்கென்றே தனி மையம் இருக்கிறது. நேரிலா இயக்கவியலுக்குத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம் பேர்பெற்றது. வானியற்பியலில் ஆசை இருந்தால் ஜவ்வாது மலையில் காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகமும் இருக்கிறது. சூரியப் புள்ளிகளைச் சுற்றி வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் வானியலாளர் எவர்ஷெட் கண்டுபிடித்தது அங்கேதான். கல்லூரிச் சுற்றுலாவை ஏரியோடு முடித்துக்கொள்ளாமல் அங்கேயும் ஒரு நடை போய் வாருங்கள்.

கடைசி செமஸ்டர் புராஜெக்ட் எப்படி இருக்கும்?

இதில்தான் கல்லூரிக்கும் கல்லூரிக்கும் பெரிய வித்தியாசம். நன்றாக நடந்தால் நான்கு செமஸ்டரில் கற்றதைவிட இதில் கற்பது அதிகம். மோசமாக நடந்தால் வெறும் சடங்கு.

அதிகம் பார்ப்பது இந்த வகை: ஏதோ ஓர் இலைச்சாற்றை வைத்துத் துத்தநாக ஆக்ஸைடு நானோ துகள் தயாரிப்பது, மாதிரியை வேறோர் ஆய்வகத்துக்கு எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு அளவீடு) எடுக்க அனுப்புவது, வந்த வரைபடத்தை ஒட்டி, ஷெரர் சூத்திரத்தில் எண்களைப் போட்டுத் துகளின் அளவு இத்தனை நானோமீட்டர் என்று எழுதி பைண்டிங் போட்டுவிடுவது. தலைப்பில் தப்பில்லை. கேட்கப்படாத கேள்விகளில்தான் தப்பு. ஷெரர் சூத்திரத்தில் உச்சியின் அகலம் துகளின் அளவைச் சொல்கிறது. ஆனால் கருவியும் கொஞ்சம் அகலத்தைச் சேர்க்கும், படிகத்துக்குள் இருக்கும் திரிபும் சேர்க்கும். அவற்றைக் கழித்தீர்களா? இலைச்சாறே இல்லாமல் தயாரித்த ஒரு மாதிரியோடு ஒப்பிட்டீர்களா? இந்த இரண்டையும் செய்தாலே அந்த புராஜெக்ட் வேறு தரத்துக்குப் போய்விடும். அதற்குச் செலவும் அதிகமில்லை.

சோதனை வசதி இல்லாத கல்லூரி என்றால் கணக்கீட்டு புராஜெக்ட் எடுங்கள். இரு பரிமாண ஐசிங் மாதிரியை (காந்தத்துக்கான எளிய கணக்கு மாதிரி) மான்டி கார்லோ முறையில் (தற்செயல் எண்களால் கணக்கிடுவது) ஓட்டுவதற்கு ஒரு சாதாரண லேப்டாப் போதும். காந்தமாக்கம் எந்த வெப்பநிலையில் விழுகிறது என்று நீங்களே கண்டுபிடித்து, சரியான தீர்வோடு ஒப்பிடலாம்.

பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். சமாளிக்க முடியுமா?

முடியும். எம்.எஸ்சி. பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனால் பல வகுப்பறைகளில் விளக்கம் தமிழும் ஆங்கிலமும் கலந்துதான் நடக்கிறது. முதல் செமஸ்டரில் மொழியும் கணக்கும் சேர்ந்து அழுத்தும். பலர் ஆங்கிலம் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும் இடத்தில் உண்மையில் வராதது கணக்குதான். சமன்பாடு புரிந்துவிட்டால் அதைச் சுற்றி எழுத வேண்டிய ஆங்கிலம் நாலு வாக்கியம். கருத்தரங்கில் பேசத்தான் தயக்கம் வரும். அதற்குக் கூட்டாளிகளிடம் பேசிப் பழகுவதைத் தவிர வேறு குறுக்கு வழி கிடையாது.

உள்ளூர்க் கல்லூரியா, ஐ.ஐ.டி.யா?

கிடைத்தால் ஐ.ஐ.டி. அல்லது மத்தியப் பல்கலைக்கழகம். ஐ.ஐ.டி.களுக்கு ஜாம் என்ற நுழைவுத் தேர்வு: 60 கேள்விகள், 100 மதிப்பெண், 3 மணி நேரம். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கும் கியூட்-பி.ஜி. என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பி.எஸ்சி. மூன்றாம் வருடத்திலேயே இவற்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதே இல்லை. ரிசல்ட் வந்த பிறகு விசாரித்தால் எல்லாம் முடிந்திருக்கும். கிடைக்காவிட்டாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது. இரு இடத்திலும் பாடம் ஒன்றுதான். அங்கே வாராவாரம் கணக்குகள் கொடுத்துப் பிழிவார்கள். இங்கே அந்த வேலையை நமக்கு நாமே செய்துகொள்ள வேண்டும்.

நெட் தேர்வுக்குத் தனியாகப் படிக்க வேண்டுமா?

சி.எஸ்.ஐ.ஆர். நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தேர்வு) பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். கணித முறைகள், கிளாசிக்கல், மின்காந்தவியல், குவாண்டம், புள்ளியியல் இயக்கவியல், எலக்ட்ரானிக்ஸ், அணு மற்றும் மூலக்கூறு, திண்மநிலை, அணுக்கரு. உங்கள் நான்கு செமஸ்டரின் தலைப்புகளேதான். அப்புறம் ஏன் தனியாக கோச்சிங் போகிறார்கள்? கேள்வியின் வடிவம் வேறு என்பதால். மொத்தம் 200 மதிப்பெண், 3 மணி நேரம். பொதுத்திறன் பகுதி 30, அடிப்படை இயற்பியல் 70, கடினப் பகுதி 100. தப்பான விடைக்குக் கால் பங்கு கழியும். செமஸ்டரில் "வருவி" என்று கேட்டதை இங்கே "மதிப்பு என்ன" என்று கேட்பார்கள். அதனால் ஒவ்வொரு பாடமும் முடிந்த வாரத்திலேயே அந்தப் பாடத்தில் வந்த பழைய நெட் கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். ஒரே படிப்பில் இரண்டு தேர்வுக்கும் தயாராகிவிடலாம். எம்.எஸ்சி. கடைசி வருடத்திலேயே எழுதலாம். ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் ஆய்வின் முதல் இரண்டு வருடம் மாதம் ரூ.37,000 உதவித்தொகை, 2023 முதல் உள்ள கணக்கு இது.

முடித்தால் என்ன வேலை?

வீட்டில் கேட்கும் முதல் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. எம்.எஸ்சி. மட்டும் வைத்துக்கொண்டு நேராகப் போகக்கூடிய வேலைகள் குறைவு. அதோடு இன்னொன்று சேர வேண்டும். பி.எட். சேர்த்தால் மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர், அரசுப் பள்ளிக்கு டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) நடத்தும் தேர்வு. நெட் அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) சேர்த்தால் கல்லூரி உதவிப் பேராசிரியருக்கு விண்ணப்பிக்கலாம், முதுநிலையில் 55 சதவீதம் வேண்டும். அரசுக் கல்லூரிப் பணி நியமனம் எப்போது வரும் என்று காத்திருப்பவர்கள் நிறைய என்பதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

அதிகம் பேசப்படாத இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஒரு வருடப் பயிற்சிப் பள்ளி. எம்.எஸ்சி.யில் 60 சதவீதம் வேண்டும், தேர்வும் கடுமையான நேர்காணலும் உண்டு. தேறினால் அணுசக்தித் துறையில் விஞ்ஞானி. கல்பாக்கத்திலும் பயிற்சி நடக்கிறது. இன்னொன்று, மருத்துவ இயற்பியல். புற்றுநோய் மருத்துவமனைகளில் கதிர்வீச்சு அளவைக் கணக்கிட்டுச் சரிபார்க்க இயற்பியலாளர் கட்டாயம் வேண்டும். எம்.எஸ்சி. இயற்பியலுக்குப் பிறகு கதிரியக்க இயற்பியலில் டிப்ளமோவும் மருத்துவமனைப் பயிற்சியும் முடித்தால் அந்த வேலைக்குப் போகலாம். ஐ.டி., டேட்டா வேலைகளுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கைகொடுப்பது மேலே சொன்ன பைத்தானும் புள்ளியியலும்தான்.

அரியர் விழுந்தால்?

அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். முதல் செமஸ்டரில் கணிதத் தாளில் விழுவது சகஜம். ஆனால் தள்ளிப்போடாதீர்கள். அது நின்றால் குவாண்டமும் மின்காந்தவியலும் கூடவே தடுக்கும். டிப்ளமோ, வேலை, ஆய்வுச் சேர்க்கை எதற்கும் எல்லாத் தாளும் தேறிய மதிப்பெண் பட்டியலைக் கேட்பார்கள்.